ஆறிலும் ஏழிலும் தொடங்கும் பிஎன்ஆர்

ரயில் டிக்கெட்டில் பத்து இலக்கத்தில் ஒரு பிஎன்ஆர் எண் இருக்கும். அதன் முதல் இலக்கத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அது நான்கு அல்லது ஐந்து என்றால், அந்த வண்டியின் இருக்கைக் கணக்கு சென்னையில் இருக்கிறது. ஆறு அல்லது ஏழு என்றால் கொல்கத்தாவில் இருக்கிறது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்படும் கோரமண்டல் விரைவு வண்டியில் வேலூர் மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பமாக இருந்தாலும் சரி, அசாமிலிருந்து திருப்பூருக்கு வேலை தேடி வரும் இளைஞராக இருந்தாலும் சரி, அவர்கள் படுத்து வரும் பெர்த்தை ஒதுக்கித் தந்தது ஹூக்ளிக் கரையோரம் இருக்கும் ஒரு கணினி மையம். டெல்லி, மும்பை, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஊர்களில் இருக்கும் மற்ற நான்கு மையங்களோடு சேர்ந்து அது நாட்டின் ரயில் முன்பதிவைத் தாங்கி நிற்கிறது. இந்தக் கணினிகள் எதில் ஓடுகின்றன என்பதை ரயில்வே அமைச்சகம் 2025-ல் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே சொன்னது: பிஆர்எஸ் எனப்படும் தற்போதைய பயணிகள் முன்பதிவு அமைப்பு 2010-ல் நிறுவப்பட்டது, இட்டேனியம் என்ற சில்லைக் கொண்ட சர்வர்களில் ஓப்பன்விஎம்எஸ் என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது, அதைப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றப்போகிறோம். செய்தி வந்ததும் பலரும் கேட்டது ஒரே கேள்விதான். இத்தனை கோடிப் பேரின் பயணம் இவ்வளவு பழைய சரக்கை நம்பியா நடக்கிறது? கேள்வி நியாயமானதே. ஆனால் அது குற்றவாளியைத் தவறாக அடையாளம் காட்டுகிறது. ஓர் இயங்குதளத்துக்கு வயதாகிவிட்டது என்பதே ஒரு குறையாகிவிடாது. அதைத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போவதும், அது ஓடும் சில்லின் உற்பத்தி நின்றுபோவதும், அதற்கு உரிமையாளர் யார் என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுவதும்தான் ஆபத்து. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மாற்றினால், புதிதாக வருவதும் இன்னும் இருபது ஆண்டுகளில் இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

முதலில் இந்த ஓப்பன்விஎம்எஸ், சுருக்கமாக விஎம்எஸ், என்பது என்ன என்று பார்த்துவிடலாம். கணினியின் நினைவகம், வட்டு, வலைப்பின்னல் எல்லாவற்றையும் எந்த நிரல் எப்போது பயன்படுத்தலாம் என்று பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். நம் கைப்பேசியில் ஆண்ட்ராய்டு செய்யும் வேலையைத்தான், அலுவலகங்களின் பெரிய கணினிகளில் விஎம்எஸ் செய்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1977 அக்டோபரில் வாக்ஸ் என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதற்கென்றே எழுதப்பட்ட இயங்குதளம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான டேவ் கட்லர் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் விண்டோஸ் என்டியை உருவாக்கினார். ஆகவே இன்று மேசைமேல் இருக்கும் விண்டோஸுக்கும் இதற்கும் ஒருவகையில் தாயாதி உறவு உண்டு. விஎம்எஸ் பிறந்த நோக்கம் வேறு. ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், ஒருவர் செய்யும் பிழை இன்னொருவரைப் பாதிக்கக்கூடாது, கணக்கு ஒருபோதும் தவறக்கூடாது. வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை, பங்குச்சந்தை என்று உலகமெங்கும் அது போய்ச் சேர்ந்தது இந்தப் பிடிவாதத்தால்தான்.

அந்தப் பிடிவாதம் அன்றாட நிர்வாகத்தில் எப்படித் தெரிகிறது என்பது சுவையானது. விஎம்எஸ்ஸில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழிவதில்லை. பெயரோடு ஓர் அரைப்புள்ளியும் எண்ணும் ஒட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பதிப்பும் தனியாக நிற்கும். நிர்வாகி 'பர்ஜ்' என்று கட்டளை கொடுத்தால்தான் பழையவை கழியும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பட்டியலைத் தவறாகத் திருத்திய ஊழியரை இந்த ஒரு வசதி எத்தனை முறை காப்பாற்றியிருக்கும்! கட்டளைகள் புரியாத சுருக்கெழுத்துகளாக இல்லாமல் 'ஷோ சிஸ்டம்', 'ஷோ யூசர்ஸ்', 'பேக்கப்' என்று பேச்சு மொழிக்கு நெருக்கமாக இருக்கும். கணினி தரும் ஒவ்வொரு செய்தியிலும் ஓர் எழுத்து, அது வெற்றியா, தகவலா, எச்சரிக்கையா, பிழையா, மீளமுடியாத கோளாறா என்று தரம் பிரித்துச் சொல்லிவிடும். நிர்வாகிக்கும்கூட எல்லா அதிகாரமும் மொத்தமாகக் கிடைப்பதில்லை. வட்டை இணைக்க ஒன்று, பிறர் வேலையை நிறுத்த ஒன்று, கடிகாரத்தைத் திருத்த ஒன்று என்று அதிகாரங்கள் பிரித்து வழங்கப்படும். அந்தக் கடிகாரத்துக்கும் ஒரு கதை உண்டு. விஎம்எஸ் காலத்தை எண்ணத் தொடங்குவது 1858 நவம்பர் 17-லிருந்து. ஸ்புட்னிக் செயற்கைக்கோளைப் பின்தொடர்ந்த அமெரிக்க வானியலாளர்கள் அன்றைய சிறிய நினைவகத்துக்குள் நாள்கணக்கை அடக்க அந்தத் தேதியைத் தேர்ந்தார்கள். விஎம்எஸ் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி இந்தியாவில் அறிவிக்கப்பட்டுப் பதினாறு நாள் கழித்து வரும் தேதி அது. அப்போது தலைநகராக இருந்த கல்கத்தாவின் ரயில் கணினி, நொடியில் கோடியில் ஒரு பங்கு என்ற நுட்பத்தில், அந்த நாளிலிருந்து காலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.

ரயில்வேக்கு இது பொருந்தியதற்கு முக்கியக் காரணம் வேறொன்று. 1980களின் தொடக்கத்தில் விஎம்எஸ் 'கிளஸ்டர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பல கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொண்டு, வெளியே ஒரே கணினிபோல நடந்துகொள்ளும். ஒன்று பழுதானால் மற்றவை தொடரும். ஒன்றை நிறுத்திப் புதிய பதிப்பு ஏற்றிவிட்டு, பிறகு அடுத்ததை நிறுத்தலாம். சேவை நிற்காது. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஆசன்சோல் கவுன்டரில் ஒருவரும் காட்பாடி கவுன்டரில் ஒருவரும் ஒரே வண்டியின் கடைசி பெர்த்தை ஒரே கணத்தில் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? விஎம்எஸ்ஸின் பூட்டு நிர்வாகி என்ற பகுதி, ஒரு பதிவை ஒருவர் கையில் எடுத்துவிட்டால் அடுத்தவரைக் காக்க வைக்கும். கிளஸ்டரின் எந்தக் கணினியிலிருந்து கோரிக்கை வந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது. இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. கணினிகளுக்கு நடுவே இருக்கும் இணைப்பு அறுந்து, இரண்டு பாதிகளும் 'நான்தான் உயிரோடு இருக்கிறேன், மற்றது செத்துவிட்டது' என்று நினைத்துத் தனித்தனியே டிக்கெட் விற்கத் தொடங்கினால்? அதற்காக ஒவ்வொரு கணினிக்கும் ஓட்டு உண்டு. பெரும்பான்மை ஓட்டு இல்லாத பாதி தானாகவே உறைந்து நின்றுவிடும். ஒரே பெர்த்தை இருவருக்கு விற்பதைவிட யாருக்கும் விற்காமல் நிற்பது மேல் என்பது அதன் கொள்கை. தீபாவளி நெரிசலில் ஒரே எண்ணுக்கு இரண்டு டிக்கெட்டோடு இருவர் மோதிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொள்கையின் அருமை விளங்கும்.

இந்த இயந்திரம் நம் ரயில்வேக்கு வந்த வழியில் இன்றைய விவாதத்துக்குத் தேவையான ஒரு பாடம் இருக்கிறது. 1978-ல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது நூற்றுக்கணக்கான கணினிகள் அநாதையாயின. அவற்றைப் பராமரிக்க அரசு வளர்த்த நிறுவனம்தான் சிஎம்சி. பெயரே 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்'. உற்பத்தியாளர் கைவிட்ட இயந்திரங்களைத் திறந்து பார்த்து, உதிரிபாகம் தேடி, ஓடவைத்துப் பழகிய பொறியாளர்களைக் கொண்ட அந்த நிறுவனமே பின்னர் ரயில்வேக்காக 'இம்ப்ரெஸ்' என்ற முன்பதிவு மென்பொருளை எழுதியது. 1985-ல் டெல்லியில் வாக்ஸ் கணினிகளில் அது தொடங்கியது. 1986-ல் ரயில்வே தன் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே 'கிரிஸ்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. அதே பத்தாண்டு முடிவதற்குள் கொல்கத்தா உள்ளிட்ட மற்ற நகரங்களுக்கும் கணினி முன்பதிவு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் தனித் தீவு. கொல்கத்தா கணினிக்குச் சென்னை வண்டியின் இருக்கை தெரியாது. 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கிய 'கான்சர்ட்' என்ற புதிய மென்பொருள், 1999-க்குள் ஐந்து மையங்களையும் ஒரே வலையில் இணைத்தது. எந்த ஊர்க் கவுன்டரிலும் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்று இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் வசதி அப்போதுதான் பிறந்தது. வண்டியின் இருக்கைக் கணக்கு அதன் சொந்த மையத்திலேயே இருக்கும். கேள்விதான் பயணம் செய்து அங்கே போய்ப் பதிலோடு திரும்பும். வாக்ஸ் போய் ஆல்ஃபா வந்தது, ஆல்ஃபா போய் இட்டேனியம் வந்தது. அடியில் இயங்குதளம் மட்டும் விஎம்எஸ்ஸாகவே தொடர்ந்தது. 2002-ல் இணையவழி டிக்கெட் வந்தபோதும், இணையதளம் முகப்பாக நின்றதே தவிர, பெர்த்தை ஒதுக்கியது பின்னால் இருந்த இந்தப் பழைய அமைப்புதான்.

கொல்கத்தாவுக்குக் கணினி முன்பதிவு வந்ததில் ஒரு முரண் உண்டு. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி 1950களின் நடுவில் வந்திறங்கியது இந்த நகரத்தின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். அடுத்த பத்தாண்டில் எல்ஐசி இங்கே ஒரு பெரிய கணினியை நிறுவ முயன்றபோது, வேலை போய்விடும் என்று அஞ்சிய ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் கட்டடத்தின் முன் இரவும் பகலும் காவலிருந்து தடுத்தார்கள். தொழிற்சங்கங்களின் அந்த எதிர்ப்பைப் பிற்போக்கு என்று கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று இன்னும் செல்லும்: இயந்திரம் வந்த பிறகு வேலையின் அறிவு யாரிடம் இருக்கும்? லெட்ஜரில் இடம் ஒதுக்கிய குமாஸ்தாவுக்கு ஒதுக்கீட்டு விதிகள் மனப்பாடம். இன்று அந்த விதிகள் நிரலுக்குள் இருக்கின்றன.

பழைய அமைப்பை நிர்வகிப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓயாத வேலை. ஒவ்வொரு நாளும் நள்ளிரவை ஒட்டி முன்பதிவு சிறிது நேரம் மூடப்படுவதை இணையத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் அறிவார்கள். அந்த இடைவெளியில்தான் நாள்கணக்கு முடிக்கப்படுகிறது. 2021 நவம்பரில், கொரோனாக் காலத்துச் 'சிறப்பு' வண்டிகளைப் பழைய எண்களுக்குத் திருப்பியபோது, ஒரு வாரம் முழுக்க இரவு பதினொன்றரை முதல் காலை ஐந்தரை வரை பிஆர்எஸ் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே விற்ற டிக்கெட்டுகளின் விவரத்தைக் கலைக்காமல் வண்டி எண்ணை மட்டும் மாற்றுவது, ஓடும் ரயிலில் சக்கரம் மாற்றுவது போன்ற காரியம். அதைப் பயணிகள் பெரிதாக உணராமல் முடித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. நிர்வாகம் ஒழுங்காக நடந்தால் செய்தி ஏதும் இருக்காது என்பதே இந்தத் தொழிலின் சாபம். அதனால்தான் அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கும் நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

கொல்கத்தாவில் அது எல்லோருக்கும் நினைவுக்கு வந்த நாள் ஒன்று உண்டு. 2021 மார்ச் 8 மாலை, ஸ்ட்ராண்ட் சாலையில் ரயில்வே அலுவலகங்கள் இயங்கும் புதிய கொய்லாகாட் கட்டடத்தின் பதின்மூன்றாவது மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் நால்வர் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். லிஃப்டில் ஏறி மேலே போனவர்கள் அதிலிருந்து மீளவில்லை. முன்பதிவு சர்வர்களும் அதே கட்டடத்தில்தான் இருந்தன. தீ காரணமாக மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் கிழக்கிந்திய ரயில்வே மண்டலங்களின் டிக்கெட் பதிவு தடைபட்டது. உயிரிழப்போடு ஒப்பிட்டால் டிக்கெட் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் நம் வாதத்துக்கு இந்தச் சம்பவம் தேவைப்படுகிறது. அன்று பதிவு நின்றது இயங்குதளம் பழையது என்பதால் அல்ல. அதன் இடத்தில் நேற்று வெளிவந்த புத்தம்புதிய சர்வர் இருந்திருந்தாலும், மின்சாரம் போனதும் அதுவும் நின்றிருக்கும். இதற்கு மாறாக, 1996 மே மாதம் பாரிஸில் கிரெடி லியோனே வங்கியின் தலைமையகம் எரிந்தது. வேறொரு கட்டடத்தில் இன்னொரு பாதியை வைத்திருந்த விஎம்எஸ் கிளஸ்டர் வங்கியின் கணக்குகளைக் காத்தது என்று அந்தத் துறையினர் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். கருவி இரண்டு இடத்திலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அதை எங்கே வைப்பது, மின்சாரத்துக்கும் மாற்றுக்கும் என்ன ஏற்பாடு, தீ வந்தால் யார் எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்ற முடிவுகளை எந்த இயங்குதளமும் எடுத்துத் தராது.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும். நம் அனுபவம் அப்படிச் சொல்லவில்லையே, காலை பத்து மணிக்குத் தட்கல் திறந்ததும் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது பழைய கணினியால்தானே? பகுதி உண்மை. உச்ச நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை உயர்த்த வேண்டும் என்பதை ரயில்வேயே ஒப்புக்கொள்கிறது. ஆனால் 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின என்றும், அதுவரை இல்லாத உச்சம் அது என்றும் அறிவித்ததும் இதே ரயில்வேதான். அந்தச் சாதனை நிகழ்ந்தது இதே பழைய பிஆர்எஸ்ஸில். இணைய முகப்பில் கணக்கற்ற போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் ஏற்பாடு செய்ததும் பின்னாலிருந்த கணினிக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைவு முயற்சிகளில் பாதி வரை தானியங்கி மென்பொருள்களால் வந்தவை என்பது ரயில்வேயின் கணக்கு. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை அது முடக்கியது. ஆக, திரை சுற்றுவதற்குக் காரணம் வாசலில் நெருக்கியடித்த கூட்டம், அதிலும் பாதி பொய்க்கூட்டம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கணினி வந்தாலும் வண்டியில் இருக்கும் பெர்த்துகள் கூடப்போவதில்லை. நிமிடத்துக்கு லட்சம் டிக்கெட் கொடுக்கும் சக்தி வந்தால், இடம் தீர்ந்துவிட்டது என்ற செய்தி இன்னும் சீக்கிரம் வரும்.

இன்னோர் எதிர்ப்பு பாதுகாப்பு பற்றியது. பழைய மென்பொருளில் ஓட்டைகள் இருக்குமே? இருக்கும். 2018-ல் விஎம்எஸ்ஸின் கட்டளை மொழியில் ஒரு குறை வெளியானது. அது 1984-ல் வந்த பதிப்பிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்த ஒருவர் அதைக்கொண்டு வாக்ஸிலும் ஆல்ஃபாவிலும் தன் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள முடியும். இட்டேனியத்தில் அதே தந்திரம் அந்த நிரலைக் குலைப்பதோடு நின்றுவிடும். இதிலிருந்து இரண்டு விதமாகவும் வாதிடலாம். பழைய வீட்டில் என்னென்ன புதைந்திருக்குமோ என்று பயப்படலாம். முப்பது ஆண்டுகளில் இந்த அளவுக்கு அரிதாகத்தான் ஓட்டை வெளிப்படுகிறது என்று ஆறுதலும் அடையலாம். என் தீர்ப்பு முன்னதன் பக்கம் சற்றே சாயும். ஓட்டை குறைவாகத் தெரிவதற்கு, தேடுகிறவர்கள் குறைவு என்பதும் ஒரு காரணம். ஆனால் இங்கேயும் முடிவு மனிதர்களிடம்தான் போய் நிற்கிறது. குறை வெளிவந்தால் அதை அடைக்கும் பேட்சை யார் எழுதுவார்கள், யார் சோதித்து ஏற்றுவார்கள்?

அந்த 'யார்' என்ற இடத்தில்தான் விஎம்எஸ்ஸின் உண்மையான பலவீனம் இருக்கிறது. உருவாக்கிய டிஜிட்டல் நிறுவனத்தை 1998-ல் காம்பாக் வாங்கியது. காம்பாக்கை 2002-ல் ஹெச்பி விழுங்கியது. 2009 வாக்கில் ஹெச்பி, விஎம்எஸ் மேம்பாட்டுப் பணியை அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது. சில ஆண்டுகள் இந்த இயங்குதளத்தின் எதிர்காலமே நம் பொறியாளர்கள் கையில் இருந்தது. நம் ரயில்வேக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது. 2014-ல் ஹெச்பி அதை விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. அந்தச் சிறிய நிறுவனம் 2022-ல் சாதாரண எக்ஸ்86 சர்வர்களில் ஓடும் பதிப்பை வெளியிட்டது. ஆகவே விஎம்எஸ் செத்துவிட்டது என்பது உண்மையல்ல. செத்தது இட்டேனியம்தான். இன்டெல் அந்தச் சில்லின் கடைசித் தொகுப்பை 2021 ஜூலையில் அனுப்பி முடித்தது. லினக்ஸும் 2024 தொடக்கத்தில் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. இனி உதிரிபாகம் என்பது யாரோ கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து எடுப்பதுதான். அதைவிடக் கடினம் ஆள் கிடைப்பது. இன்று பொறியியல் முடித்து வரும் எந்த மாணவரும் விஎம்எஸ்ஸைப் பார்த்ததில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், வேலையிழப்பு உதவித்தொகை வழங்கும் நாற்பதாண்டுப் பழைய கணினிகளைச் சரிசெய்ய, கோபால் (COBOL) என்ற நிரல்மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று செய்தியாளர் முன் கேட்டார். கோபால் அறிந்தவர்கள் அந்த நாட்டில் குறைந்துபோனது ஒரே நாளில் நடந்ததன்று. ஒவ்வோர் ஆண்டும் ஓய்வுபெற்றவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டதன் மொத்த விளைவு அது.

எனவே மாற்றத்தான் வேண்டும். எக்ஸ்86-க்கு வந்த விஎம்எஸ்ஸிலேயே தொடரலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தொழில்நுட்பமாக அது முடியும், செலவும் குறையலாம். ஆனால் நாட்டின் ரயில் முன்பதிவு முழுவதையும் கடல் கடந்த ஒரே சிறு நிறுவனத்தின் ஆயுளோடு கட்டிவைப்பது விவேகமாகாது. மாற்றுவது எப்படி என்பதில்தான் அச்சம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரே தாவலில் மாற்றியது. தகவல்கள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. அமைப்பு மட்டும் சுமை தாங்காமல் சரிந்தது. லட்சக்கணக்கானோர் தங்கள் பணத்தைப் பார்க்கக்கூட முடியாமல் தவித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் நான்கு கோடியே எண்பத்தாறு லட்சம் பவுண்டுக்கும் மேல். சரி, மாற்றாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தால் அதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 டிசம்பரில் பனிப்புயலில் சிக்கிய அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம், பணியாளர்களை ஒதுக்கும் தன் பழைய மென்பொருள் ஈடுகொடுக்காமல் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் இரண்டு மூன்று நாளில் மீண்டுவிட்டன. அவசரமும் தாமதமும் ஒரே அளவு விலை கேட்கும் இடம் இது.

ரயில்வேயின் வேலை வங்கியைவிடச் சிக்கலானது. காரணம், அந்தப் பழைய நிரலுக்குள் நாற்பதாண்டு இந்தியாவே அடுக்கடுக்காக இருக்கிறது. பெண்களுக்கான ஒதுக்கீடு, மூத்தவர்களுக்குக் கீழ் பெர்த், பாதுகாப்புப் படையினருக்கான இடம், ஆர்ஏசி, பொதுக் காத்திருப்புப் பட்டியல், இடைநிலை ஊர்களுக்கான தனிப் பட்டியல், 2016-ல் ராஜதானிக்கு வந்த ஏறும் கட்டணம், 2020-ல் நின்றுபோன மூத்த குடிமக்கள் சலுகை, குறிப்பிட்ட நோய்கள் உள்ளவர்களுக்கான சலுகைகள். ஒவ்வொரு பட்ஜெட்டும் ஒவ்வொரு சுற்றறிக்கையும் அதில் ஒரு வரியைச் சேர்த்திருக்கும். எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்பது ஆவணத்தில் பாதியும், எழுதியவர் நினைவில் பாதியுமாக இருப்பதே இத்தகைய அமைப்புகளின் பொது இயல்பு. வங்காளத்தின் சிற்றூர் ஒன்றுக்கு மட்டும் ஏன் இரண்டு பெர்த் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை அறிந்தவர் ஓய்வுபெறும் முன் கேட்டு எழுதி வைக்காவிட்டால், புதிய அமைப்பு அதைத் தேவையற்றதென்று கழித்துவிடும். அந்த ஊர்க்காரர் கவுன்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும். எழுத்தில் வடிப்பது சலிப்பூட்டும் வேலை. அதற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். ஆனால் மாற்றத்தின் பெரும்பகுதி அதுதான்.

2025 ஜூனில் அறிவித்தபடி, புதிய பிஆர்எஸ் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் டிக்கெட் பதிவு செய்யும், நாற்பது லட்சம் விசாரணைகளுக்குப் பதில் சொல்லும். பெருமைப்பட வேண்டிய எண்களே. எண்கள் மட்டும் போதாது. ஐந்து மையங்களில் ஒன்றை முதலில் மாற்றி, பழையதையும் புதியதையும் சில மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டும் ஒரே பெர்த்தை ஒரே ஆளுக்குத்தான் தருகின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். விஎம்எஸ் தெரிந்த கடைசித் தலைமுறைப் பணியாளர்களை மாற்றம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டாவது ஆலோசகர்களாக வைத்திருக்க வேண்டும். புதிய அமைப்பின் மென்பொருள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அதன் உட்புறத்தைத் திறந்து பார்க்கும் உரிமையும் திறமையும் கிரிஸ் ஊழியர்களிடம் இருக்க வேண்டும். அநாதைக் கணினிகளை வைத்துப் பழகிய சிஎம்சி பொறியாளர்கள்தான் இந்த அமைப்பையே தொடங்கி வைத்தார்கள் என்பதை ரயில்வே மறந்துவிடக்கூடாது. நாடாளுமன்றத்தில் பிஆர்எஸ் பற்றி அடுத்த முறை கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட் என்பதோடு இன்னும் இரண்டைக் கேட்கட்டும்: பழைய விதிகள் எவ்வளவு எழுத்தில் பதிவாகியிருக்கின்றன, 2040-ல் இந்தப் புதிய அமைப்பைப் பராமரிக்கப்போகிறவர்களுக்கு இப்போது யார் பயிற்சி கொடுக்கிறார்கள்?